உப்புக் கரிக்காத மண்

இந்தப் பொங்கலுக்கு என் தம்பி ஏழுமலை ஏற்காட்டு மலையிலிருந்து வந்து இறங்கினான். மலையில் விவசாயம் பார்க்கிறவன் ஊருக்கு வந்தால் என்ன கொண்டு வருவான்? கொஞ்சம் மிளகு? ஒரு பலாப்பழம்? போகட்டும், பொங்கல் குழம்புக்குப் போட ஒரு பிடி பீன்ஸ்?

அவன் கொண்டு வந்தது ஒரு ஜவுளிக்கடைப் பை நிறைய மண்.

பையை ஹாலில் வைத்தான். கால்கூடக் கழுவவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய், "யம்மா, நீயே ஒரு தடவ வாயில வச்சுப் பாத்துச் சொல்லு" என்றான்.

அம்மா சீரியலை மியூட் செய்தார். பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தார். நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினார். நான், ஏழுமலை, அவன் பெண்டாட்டி அலமேலு — மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உப்பே இல்லடா. பச்சத் தண்ணி மாதிரி இருக்குது. இந்த மண்ணுக்கு இன்னா கொற?"

சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். "அதாம்மா எனக்கும் புரியல" என்று ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

இந்தப் பத்தியைப் படிக்கிற வெளியூர் வாசகர்கள் பயப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் மண் தின்னும் பழக்கமெல்லாம் இல்லை. நாங்கள் மரக்காணத்துக்காரர்கள், அவ்வளவுதான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழுவெளி என்கிற உவர்நீர் ஏரி, நடுவில் கண்ணுக்கு எட்டிய வரை உப்பளம். என் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்த்துத்தான் எங்களை வளர்த்தார்கள். பாத்தியில் நிற்கிற தண்ணீர் எப்போது உப்பாகத் தயார் என்பதை நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார்கள். போர் போட்டால் தண்ணீரைச் சுவைத்துப் பார்ப்பார்கள். மனை வாங்கப் போனால் மண்ணைக் கிள்ளி வாயில் போடுவார்கள். கரித்தால், புரோக்கர் என்ன சொன்னாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

அதாவது, எங்களைப் பொறுத்தவரை மண்ணுக்கு வருகிற வியாதி ஒன்றே ஒன்றுதான் — உப்பு. அது இல்லையென்றால் மண் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வியாதிக்கு மருந்தும் ஒன்றுதான். மழை. உப்பேறிய நெல்வயல் வைத்திருப்பவர்கள் ஐப்பசி வருவதற்குள் வரப்பை நன்றாக உயர்த்திக் கட்டுவார்கள். பெய்கிற மழையைத் தேக்குவார்கள். அது மண்ணில் ஊறி உப்பைக் கரைத்ததும் திறந்து விடுவார்கள். மறுபடி தேக்குவார்கள், மறுபடி திறப்பார்கள். துணி அலசுவது போல நிலத்தை அலசுவது. நாலு நல்ல மழையில் நிலம் தேறிவிடும்.

இந்த இரண்டு பாடத்தையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் என் தம்பி மலையேறினான்.

எதற்கு ஏறினான்? அலமேலுவின் கால்களுக்காக.

அலமேலு கல்யாணத்துக்கு முன்பிருந்தே உப்பளத்து வேலைக்குப் போனவள். உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நின்று, ஈர உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்ட வேண்டும். அதில் இறங்குகிறவர்களின் கால்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் நல்லது. வெடிப்பு வரும், வெடிப்பு புண்ணாகும், புண்ணில் மறுபடி உப்புப் படும். ஒரு வருடம் அலமேலுவுக்கு ஒரு புண் சீழ் வைத்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தாள். காலைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று ஏழுமலை எல்லோர் முன்னாலும் சொன்னான். "இனிமே நீ பாத்தியில எறங்க வேணாம். நான் பாத்துக்கிறேன்."

என் தம்பி அதிகம் பேச மாட்டான். அதனாலேயே சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். வாயாடிகளுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது... சொன்னதில் பாதி எங்களுக்கே நினைவிருக்காது.

அலமேலுவின் அக்கா ஏற்காட்டுக்கு மேலே ஒரு காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறாள். பக்கத்து நிலத்துக்காரர் பெங்களூரு போய்விட்டார், நிலம் சும்மா கிடக்கிறது, குத்தகைக்குத் தருவார் என்று அவள் சொல்லியனுப்பினாள். ஏழுமலை போய்ப் பார்த்தான். கிணறு இல்லை, போர் இல்லை, மழையை நம்பிய சரிவு நிலம். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தான். அங்கிருந்தே எனக்குப் போன். "அக்கா, சக்கர மாதிரி மண்ணு. துளி உப்பு இல்ல. எடுத்துட்டேன்."

எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்?

முதல் வருடம் பீன்ஸ் போட்டான். முளைத்தது. இரண்டு இலை விட்டது. மூன்றாவது இலையைப் பற்றி யோசித்துக்கொண்டே நின்றுவிட்டது. இருந்த இலையும் மஞ்சளடித்தது. யூரியா போட்டான். ஒரு வாரம் பச்சையாக இருந்துவிட்டு, பழையபடி ஆகிவிட்டது.

இந்த இடத்தில் மரக்காணத்துக்காரன் என்ன செய்வான்? மண்ணில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அலசிவிட வேண்டும் என்பான். அதைத்தான் ஏழுமலை செய்தான். சரிவைக் கொத்திச் சமப்படுத்திப் பாத்தி பாத்தியாகப் பிரித்தான். வரப்பு கட்டினான். மழையைத் தேக்கினான், திறந்து விட்டான். மறுபடி தேக்கினான். போன வருடம் நான் போயிருந்தபோது அந்த வரப்புகளைப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக, காலால் மிதித்துக் கையால் வழித்து... மலைக்காரர்கள் வேலை மெனக்கெட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். மேகம் தொடுகிற உயரத்தில் உப்பு இல்லாத ஒரு உப்பளம். பார்க்க அவ்வளவு அழகு. பீன்ஸ் மட்டும் இல்லை.

இரண்டாம் வருடம் இன்னும் மோசம். அவனுக்குக் கோபம் வந்து வரப்பை இன்னும் உயர்த்தினான். மூன்றாம் வருடம் நிலம் இன்னும் மோசமானது. கடைசியில் பையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு, அவனைவிடத் தேர்ந்த நாக்கைத் தேடி அம்மாவிடம் வந்துவிட்டான்.

பொங்கல் அன்று சமையல்கட்டில் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அலமேலு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் மேல போவல. மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். அளத்துல வேல ஆரம்பிச்சதும் வரச் சொல்லிட்டாரு."

"ஏழுமலைக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாரு. எத்தினி நாளு அண்ணி அக்கா வீட்ல சாப்புட்றது? அவளும் கூலி வேலதான செய்யுறா. ரெண்டு பேரும் மேல ஒக்காந்து வளராத செடிய பாத்துக்கினு இருந்தா ஆச்சா?"

நான் அவள் காலைப் பார்த்தேன். மலைக்குப் போன பிறகு நன்றாக ஆறியிருந்தது. பழைய தழும்பைச் சுற்றித் தோல் மெதுவாக, புதிதாக இருந்தது. மறுபடி அதை உப்புத் தண்ணீரில் இறக்கினால் எத்தனை நாள் தாங்கும்? டாக்டர் அன்றைக்கே எச்சரித்துத்தான் அனுப்பினார். இன்னொரு தடவை இப்படி வந்தால் விரல்களை எடுக்க வேண்டி வரும் என்று என்னிடம்தான் சொன்னார். அவளுக்கும் அது தெரியும்.

"அவன்கிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதான் அண்ணி."

நான்தானே? வேறு யார்? ஒவ்வொரு குடும்பத்திலும் கெட்ட செய்தி சொல்வதற்கென்று ஓர் ஆளை நியமித்துவிடுகிறார்கள். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ரிட்டையர்மென்ட்டும் கிடையாது. மூத்தவளாகப் பிறந்தால் பிறக்கும்போதே ஆர்டர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நிஜமாகச் சொல்கிறேன், அலுத்துப் போய்விட்டது. அன்றைக்கு வாயைத் திறக்கவே தெம்பில்லை. பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன்.

ஆனால் அந்தப் பை ஹாலிலேயே கிடந்தது. போகும்போதும் வரும்போதும் காலில் தட்டியது. உப்பு இல்லை, சரி. அப்புறம் ஏன் முளைத்ததெல்லாம் மஞ்சளாகிறது? கண்ணேறு என்றார் அம்மா. நிலத்துக்காரர் பெங்களூரில் இருந்துகொண்டு வயிறெரிகிறார் என்றார் என் வீட்டுக்காரர். அவர் தலைவலிக்கும் முட்டிவலிக்கும் ஒரே தைலத்தைத் தேய்க்கிற மனிதர். அவர் கருத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கிற டைல்ஸ் கடைக்கு இரண்டு தெரு தள்ளி வேளாண் ஆபீஸ் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். உள்ளே போனதில்லை. லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று பை, தம்பி, அலமேலு மூன்றையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு மேடம். சின்ன வயசுதான், ஆனால் மூன்று பேர் வேலையை ஒருத்தியாகப் பார்க்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. என் இனம்.

"மண்ணு டெஸ்ட் பண்ணணும் மேடம்" என்றேன்.

ஏழுமலை முந்திக்கொண்டான். "உப்பு இல்ல மேடம். அது பாத்தாச்சு."

"எந்த லேப்ல பாத்தீங்க?"

"எங்கம்மா வாயில."

மேடம் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களை நிறையப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. பைக்குள் கையை விட்டு மண்ணை உதிர்த்துப் பார்த்தார். "இது நம்ம ஏரியா மண்ணு இல்லையே" என்றார். எந்த மலை, எவ்வளவு சரிவு, எங்கே தோண்டினீர்கள் என்றெல்லாம் கேட்டார். ஒரே இடத்தில் எடுத்தது போதாது, நிலத்தில் பல இடத்தில் எடுத்துக் கலந்து கொண்டுவர வேண்டும் என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் எழுந்து போய், கொஞ்சம் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, பேனா மாதிரி ஒரு மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"முழுசா இத வச்சு சொல்ல முடியாது. ஆனா நெலம் நல்லா புளிச்சிருக்கு சார். அமிலம் ஜாஸ்தி."

"புளிப்பா? வாயில ஒண்ணும் தெரியலையே மேடம்."

"வாய்க்குத் தெரியாது. வேருக்குத் தெரியும்."

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். மலையில் மழை அதிகம். காலகாலமாகப் பெய்கிற மழை மண்ணிலிருக்கிற சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். மிச்சம் நிற்கிற மண் புளித்துவிடும். அந்தப் புளிப்பில் வேர் கருகிக் குட்டையாகிவிடும். என்ன உரம் போட்டாலும் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குத் தராது. போதாததற்கு, யூரியா போடப் போடப் புளிப்பு ஏறும்.

"மழ கழுவிக் கழுவித்தான் சார் அந்த நெலம் இப்படி ஆவுது. நீங்க மேற்கொண்டு என்ன பண்ணீங்க?"

ஏழுமலை மண் பையின் வாயைச் சுருட்டி மூடினான்.

"நானும் கழுவுனேன் மேடம்."

நான் அவனைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த வேர்க்கடலைப் படத்தைப் பார்த்தேன். அவ்வளவு உழைப்பு. சரிவைக் கொத்தி, வரப்பைக் கட்டி, மழையில் நனைந்துகொண்டே மடையைத் திறந்து... அத்தனையும் நிலத்தை இன்னும் கெடுப்பதற்கா? எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீஸில் அழுதால் அசிங்கம் என்று தும்மல் வந்த மாதிரி முந்தானையை வைத்துக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே இதைத்தான் செய்கிறோம், இல்லையா? நம் ஊரில், நம் வீட்டில் பலித்த ஒரு வைத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகிற இடத்திலெல்லாம் அதையே பார்க்கிறோம். பலிக்கவில்லையென்றால் வைத்தியம் தப்பு என்று தோன்றுவதில்லை. டோஸ் பத்தவில்லை என்றுதான் தோன்றுகிறது. வரப்பை உயர்த்துகிறோம்.

மேடம் அலமேலு பக்கம் திரும்பினார். "நெலத்துல எங்கயாச்சும் ஒரு எடத்துல மட்டும் செடி நல்லா வருதாம்மா?"

"வருது மேடம். வீட்டுக்குப் பின்னால அடுப்புச் சாம்பல கொட்ற எடம். ஒரு அவரக்கொடி, யாரும் ஒண்ணும் பண்ணல, அது பாட்டுக்கு காய்க்குது. மாரியாத்தா கண்ணு தொறந்த எடம்னு நான் அங்க செருப்பு போட்டுக்கினு மிதிக்கறதில்ல."

"சாம்பல் புளிப்ப முறிக்கும்மா. அதான்."

"அப்ப சாமி இல்லைங்களா?"

அலமேலு நிஜமாகவே ஏமாந்துபோய்க் கேட்டாள். மேடம் ஒரு நிமிடம் யோசித்தார். "அதுவும் இருக்கட்டும்மா" என்றார்.

மருந்து என்ன? சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுவதும் சுவருக்கு அடிப்பதும் இல்லை, டாலமைட் என்று பொடியாகக் கிடைப்பது. கோடையில் நிலம் ஈரமாக இருக்கும்போது சமமாகத் தூவி மண்ணோடு கலந்துவிட வேண்டும். எவ்வளவு தூவ வேண்டும் என்பதை, ஒழுங்காக எடுத்த மண்ணை ஏற்காட்டுப் பக்கத்து ஆபீஸிலேயே கொடுத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். இஷ்டத்துக்குக் கொட்டினால் அதுவும் கெடுதல். சுண்ணாம்பு போட்ட கையோடு யூரியாவோ எருவோ போடக் கூடாது. உடனே விதைக்கவும் கூடாது. மழை விழுந்து அது மண்ணோடு மண்ணாகச் சேர்ந்த பிறகுதான் விதை.

"அப்புறம் அந்த வரப்ப எடுத்துடுங்க சார். தண்ணி தேங்கவும் வேணாம், அடிச்சிக்கினு ஓடவும் வேணாம். சரிவுக்குக் குறுக்க மண்ண சின்னதா அணைச்சு, எல தழைய பரப்பி விடுங்க. மெதுவா எறங்கட்டும்."

"வரப்ப ஒடைக்கணுமா?"

சுண்ணாம்பு வாங்க வேண்டும் என்றபோதுகூட அவன் முகம் அப்படி ஆகவில்லை.

"ஆமா சார்."

"சுண்ணாம்பு ஒரு தடவ போட்டாப் போதுமா?"

"சில வருஷத்துக்கு ஒருக்கா மண்ணப் பாத்துட்டு மறுபடி போடணும். மழ நிக்கப் போறதில்லையே."

சரிதான். ஒரு தடவை செய்தால் போதும் என்கிற வேலை இந்த உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா? எங்கள் வீட்டுப் பாத்திரங்களிடம் கேட்டால் சொல்லும்.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக்கொடுத்தேன். அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "சுண்ணாம்புதான? நம்ம ஊரு கிளிஞ்சல அரைச்சு மூட்ட கட்டி அனுப்புனா ஆச்சு" என்றார் அம்மா. எனக்கும் ஒரு நிமிடம் சிலிர்த்தது. கடற்கரைக் கிளிஞ்சல் மலையேறிப் போய் நிலத்தைக் காப்பாற்றுகிறது... பத்தி எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் சேலத்திலேயே டாலமைட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. மரக்காணத்திலிருந்து மூட்டையை ஏற்ற எந்தக் கண்டக்டர் விடுவார்? நிஜத்தில் காரியங்கள் பத்திக்கு வசதியாக நடப்பதில்லை.

நான் சொல்லாமல் தள்ளிப் போட்டதை அலமேலுவே அங்கே சொல்லிவிட்டாள். டீயைக் குடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல்.

"நீங்க மேல போயி மேடம் சொன்னத செய்யுங்க. வெதைக்க எப்படியும் ஆனி ஆயிடும். அது வரைக்கும் சாப்பாட்டுக்கு வழி வேணும்ல. நான் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். அளத்துக்குப் போறேன்."

ஏழுமலையின் டீயில் ஆடை படிந்தது. விழுப்புரம் பஸ் ஒன்று வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அவன் குனிந்து அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் அலமேலு கூச்சப்பட்டு, புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"நீ மேல போ" என்றான் கடைசியில். "அளத்துக்கு நான் போறேன்."

"சுண்ணாம்பு யாரு போடறது?"

"நீதான். ஒங்க அக்கா கூட இருக்குல்ல."

"வரப்ப ஒடைக்கணுமே?"

"நீயே ஒட" என்றான். "நான் அங்க இருந்தா என்னால அத ஒடைக்க முடியாது."

டீக்கு நான் காசு கொடுத்தேன்.

அலமேலு மலைக்குப் போனாள். ஏழுமலை உப்பளத்துக்குப் போனான். மலையேறி மூன்று வருடம் கழித்து, தலைகுனிந்துகொண்டு, பழைய மேஸ்திரியிடமே. "ஏம்பா, மலக்காத்து வாங்குனது போதுமா?" என்று முதல் நாளே ஒருத்தர் கேட்டாராம். இவன் உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கியிருக்கிறான். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. உடன் வேலை பார்த்த ஒரு பெண் பஸ்ஸில் சொன்னாள்.

சாயங்காலம் அவன் வரும்போது முட்டி வரை வெள்ளை படிந்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, தேங்காய் எண்ணெயைக் காலில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "எரியுதாடா?" என்றால் "இல்லக்கா" என்பான். எரியாமல் இருக்குமா? அவன் ஒருவன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, நாங்கள் எல்லோரும் அவன் காலைப் பார்க்காத மாதிரி நடித்துக்கொண்டிருந்தோம். இதுவும் ஒரு வேலைதான். அலுப்பான வேலை.

மலையில் அலமேலு மண்ணை ஒழுங்காக எடுத்து அங்கிருந்த ஆபீஸில் கொடுத்தாள். அவர்கள் சொன்ன அளவுக்கு டாலமைட் வாங்கினாள். வரப்பை உடைத்தாள். மாசியில் ஒரு சின்னத் தூறல் விழுந்த ஈரத்தில் அக்காவையும் பக்கத்துப் பெண்களையும் வைத்துக்கொண்டு தூவிக் கொத்திக் கலந்துவிட்டாள். ஒரு நாள் வீடியோ காலில் நிலத்தைக் காட்டினாள். தலைமுடி, புருவம், ஜாக்கெட் எல்லாம் வெள்ளைப் பொடி. பின்னால் சரிவு மொட்டையாகத் தெரிந்தது. ஏழுமலை போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான்.

"மேக்கால ஓரத்துல ஒரு வரப்பு நின்னுக்கினு இருக்குதே" என்றான்.

"அத மட்டும் விட்டு வச்சிருக்கேன்" என்றாள் அலமேலு. "தண்ணி தேங்காது அங்க. சும்மா இருக்கட்டும்."

அவன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

இதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் ஒரு புதுச் சிக்கல். சித்திரை வந்தது. மலையில் மழை வேண்டும். மழை வந்தால்தான் சுண்ணாம்பு மண்ணில் இறங்கும், புளிப்பு முறியும், ஆனியில் விதைக்கலாம். வரவில்லையென்றால் பட்ட பாடெல்லாம் பொடியாக அப்படியே கிடக்கும். இங்கேயோ மழை வரவே கூடாது. உப்பு விளைகிற உச்சம் இந்த வெயிலில்தான். ஒரு மழை போதும், பாத்தியில் பூத்த உப்பெல்லாம் கரைந்து போகும். பாத்தி சரியாகும் வரை வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் மலைக்கு அனுப்புவதற்கு ஒன்றும் கிடையாது.

புருஷன் ஒரு பக்கம் வானத்தைப் பார்த்து வராதே என்கிறான், பெண்டாட்டி இன்னொரு பக்கம் வா என்கிறாள். இரண்டும் ஒரே குடும்பத்தின் ஒரே சாப்பாட்டுக்காக.

அம்மாதான் ரொம்பத் திண்டாடிப் போனார். விளக்கேற்றிவிட்டுக் கையைக் கூப்பியபடி நின்றுகொண்டே இருப்பார். "இன்னா வேண்டிக்கிறதுன்னே தெரியலடி" என்றார் என்னிடம். எனக்கு மட்டும் தெரியுமா? வானிலை அறிக்கை ஆரம்பித்ததும் நான் டிவியை அணைத்துவிடுவேன். ஏழுமலை தினமும் போனில் கேட்பது ஒரே கேள்வி — "அங்க மழ வந்துச்சா?" அவள் கேட்பதும் ஒரே கேள்வி — "அங்க மழ வரலல்ல?"

போன வாரம் கடலில் ஏதோ காற்றழுத்தத் தாழ்வாம். மதியத்திலிருந்தே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே தூறல். வீட்டுக்குள் நுழைவதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. அம்மா வாசலில் நின்று உப்பளம் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை இன்னும் வரவில்லை. குவித்து வைத்த உப்பின் மேல் கீற்றைப் போட்டு மூடிக்கொண்டிருப்பான். பாத்தியில் கிடப்பதை எதைப் போட்டு மூடுவது?

அப்போது போன் அடித்தது. அலமேலு.

"அண்ணி, மழ. நல்ல மழ. மத்தியானம் புடிச்சது, இன்னும் வுடல." அவள் குரலை நான் அப்படிக் கேட்டு எத்தனையோ நாளாகிறது. பின்னால் தகர ஓட்டில் மழை விழுகிற சத்தம். "தண்ணி ஓடல அண்ணி, அப்படியே எறங்குது. நான் நின்னு பாத்துக்கினே இருக்கேன். அவரு போன எடுக்க மாட்டேன்றாரு, சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன்.

"அங்க?"

"இங்க தூறல்தான்" என்று பொய் சொன்னேன். கெட்ட செய்தி சொல்கிற வேலைக்கு ஒரு நாளாவது லீவு போட வேண்டாமா?

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏழுமலை வந்தான். தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட. வாசல்படியில் நின்றபடியே என்னைப் பார்த்தான்.

"மேல?"

"அங்கயும் நல்ல மழையாம்டா. மண்ணுல எறங்குதாம். அலமேலு சொல்லச் சொன்னா."

அவன் தலையைத் துவட்டக்கூட இல்லை. அப்படியே படியில் உட்கார்ந்துகொண்டான். மழை அவன் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"உப்பு இன்னாடா ஆச்சு?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.

"எல்லாம் போச்சும்மா" என்றான் ஏழுமலை.

பீன்ஸ் வருமா என்று யாருக்குத் தெரியும்? ஆனி வரட்டும், பார்க்கலாம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்... இத்தனை வருடம் உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன், உப்பு கரைந்துபோன செய்தியைச் சிரித்துக்கொண்டே சொன்ன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.